கதவு கொடுத்த வாக்கு

போன் அலறியது.

பிரிஞ்சாங் மலை ரோட்டில் ஸ்ட்ராபெர்ரி தின்ன வந்த கூட்டத்துக்கு நடுவே, காருக்குள் மாட்டிக்கொண்டு நின்ற புவனேஸ் எடுத்தாள். தேயிலை ஃபேக்டரிக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தவள். அழைத்தவன் அவள் கணவன் தினேஸ்வரன், அதே ஃபேக்டரியில் ஸ்டோர் சூப்பர்வைசர்.

"புவனா... கேஸ் ஸ்டோருக்குள்ள மாட்டிக்கிட்டேன். கதவு திறக்கல லா."



தேயிலையின் மணம் கெடாமலிருக்க நைட்ரஜன் நிரப்பிய அறை அது. முகமூடி இல்லாமல் நின்றால் நாலு மூச்சில் ஆள் காலி!

"மாஸ்க் போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன். சிலிண்டர்ல காத்து கொறைஞ்சிக்கிட்டே வருது..."

"வெளிய வர்ற பட்டன அமுக்குனீங்களா?"

"அமுக்குனேன். லைட்டு மின்னுது. அதோட நின்னு போச்சு."

புவனேஸுக்குப் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம்!

அந்த ஏற்பாட்டை எழுதியவளே அவள்தான். பட்டனை அமுக்கினால், ஆபீஸ் கம்ப்யூட்டர் கேஸ் வால்வையும் கதவையும் கேட்கும்... 'தயாரா?' பதில் வந்து சேரும் வரை, ஒரு நிமிஷத்துக்கு, கதவு மேல் உள்ளும் புறமும் லைட்டு மின்னும். இரண்டும் 'தயார்' என்றால்தான் 'செய்' என்று உத்தரவு போகும். வால்வு மூடும், கதவு திறக்கும். நடந்தால் இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும். கேஸ் வந்துகொண்டிருக்கும்போது கதவு மட்டும் திறந்தால் வெளியே நிற்பவனுக்கும் ஆபத்து.

'தயார்' என்று வாக்குக் கொடுத்த கதவு தன்னிஷ்டத்துக்கு அசையாது. உத்தரவுக்குக் காத்திருக்கும்.

உத்தரவு போட வேண்டியவனே நடுவில் செத்துப்போனால்...?

காத்துக்கொண்டேதான் இருக்கும்.

"ஆபீஸ் கம்ப்யூட்டர் அணைஞ்சு போயிருக்கு. கிராணிய கூப்பிட்டீங்களா?"

"எடுக்க மாட்டேங்குறாரு. நீயே ஏதாச்சும் பண்ணு புவனா..."

"உள்பக்கம் சிவப்பா அவசரக் கைப்பிடி இருக்கே. அத இழுங்க. கம்ப்யூட்டரே தேவையில்ல."



"அது... இல்ல."

"இல்லையா? நேத்துகூட பார்த்தேனே?"

லைன் துண்டானது.

ஆபீஸ் குமாஸ்தா, கிராணி அர்ஜுனனுக்கு அடித்தாள். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. முன்னால் முட்டைக்கோஸ் லோரிக்காரன் கீழே இறங்கி நிதானமாக சிகரெட் பற்ற வைத்தான். ஹாரனை அழுத்தினாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பறக்க இறக்கை இல்லையே என்று அழுகை வந்தது.

கடைசியில் எடுத்தார். பின்னால் உறுமி மேளம் காதைப் பிளந்தது.

"அண்ணே, கம்ப்யூட்டர் அணைஞ்சிருச்சா?"

"நாந்தாம்மா அணைச்சேன். இன்னிக்கு ஆயுத பூஜை இல்லையா? சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டாச்சு. நாளைக்குத்தான் தொடணும் லா."

தேயிலை மெஷினுக்குப் பொட்டு வைத்துப் படைப்பார்கள், தெரியும். கம்ப்யூட்டரை இதுவரை யாரும் சீண்டியதில்லை.

"யாரு அணைக்கச் சொன்னது?"

"உன் வீட்டுக்காரர்தான். 'புவனேஸ் வந்து கேஸ் ஸ்டோர செக் பண்ணுவா. முடிஞ்சதும் கதவு மேல லைட்டு மின்னும். மின்னின உடனே அணைச்சு மாலைய போட்டுடுங்க'ன்னாரு. மின்னுச்சு, அணைச்சேன். ஏம்மா... உள்ள போனது நீதானே?"



உள்ளே இருந்திருக்க வேண்டியவள் அவள்! ஜாமில் மாட்டியதால் தாமதம். அவளுக்கு முன்னால் உள்ளே போனவன்... அவள் தப்பிக்க முடியாதபடி கைப்பிடியை அறுத்தெடுக்கப் போயிருக்கிறான். வெளியே வர அவன் அமுக்கியதும் அதே பட்டன். மின்னியதும் அதே லைட்டு.

"நடுவுல கம்ப்யூட்டர் அணைஞ்சா என்னாகும் புவனா?" போன மாதம் பூராவும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டானே! என் வேலை மேல் இவருக்கு இவ்வளவு அக்கறையா என்று பூரித்துப் போய்ச் சொல்லிக் கொடுத்தாள், பைத்தியக்காரி.

"உள்ள இருக்கறது நான் இல்லண்ணே. அவருதான்."

அர்ஜுனன் மேளச் சத்தத்தை விட்டு விலகி வந்தார்.

"அட கடவுளே... அந்த தானா ராத்தா டவுன் பொண்ணோட அவருக்கு இருக்கற தொடர்பு இவ்ளோ தூரம் போச்சா? தோட்டத்துக்கே தெரியுமேம்மா. உனக்கும் தெரியும்னுல்ல நெனச்சோம்."

அதுவும் அவளுக்குத் தெரியாது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. போனில் இன்னொரு அழைப்பு துடித்தது... தினேஸ்வரன். எடுக்கக் கை வரவில்லை.

"சுவிட்ச போட்டா கதவு திறந்துருமாம்மா?"

"திறக்கும். விட்ட எடத்துலேர்ந்து அதுவே உத்தரவு போட்டுரும்."

"அப்ப போடவா... வேணாமா? நீ சொல்றதுதான்."

வால்வு, கதவு, கிராணி, கட்டிய கணவன்... எல்லாரும் இப்போது அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புவனேஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பூஜைக்கு ஆளுங்க வந்திருக்காங்களாண்ணே?"

"தோட்டமே இங்கதான் இருக்கு."

"எல்லாரையும் ஸ்டோர் வாசல்ல நிறுத்திட்டு சுவிட்ச போடுங்க. கதவு திறக்கறதும் அந்த ஆளப் புடிக்கறதும் ஒண்ணா நடக்கணும். ஒண்ணு மட்டுந்தான் நடக்கும்னா... பூஜையில வச்ச பொருள தொடாதீங்கண்ணே, சாமி குத்தமாயிரும்!"