நாற்பத்துமூன்றாவது குரல்

வீடு புறப்பட்டபோது உலகம்மாள் தலையில் சீயக்காய் தேய்த்திருந்தாள்.

குளியலறைத் தரை ஒருமுறை குலுங்கியது. வாளித் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து காலில் கொட்டியது. சன்னலில் பனைமரங்கள் பின்னால் நகர்ந்தன. சேலையைச் சுற்றிக்கொண்டு அவள் எட்டிப் பார்ப்பதற்குள் வீடு கள்ளிமேட்டின் எல்லைக்கல்லைத் தாண்டிவிட்டது.

இது மூன்றாவது முறை.

கடலோரத்தில் யாரும் மண்ணில் வீடு கட்டக்கூடாது என்று ஆகி இருபது வருடம். எல்லாருக்கும் உருள்வீடுதான். சக்கரங்களின் மேல் இரண்டு அறை, ஓர் அடுப்படி, முன்னால் கொக்கியில் பூட்டிய ஓர் இழுவன். காற்றடித்து, கரையோரச் செம்மணல் மேடான தேரியின் மணல் கிளம்பப்போகிறது என்று இடமாற்று வாரியம் குறி அனுப்பினால், இழுவன் தானே கிளம்பி வீட்டை உள்நாட்டு முகாமில் கொண்டுபோய் நிறுத்தும். யாரும் ஓட்ட வேண்டாம். யாரும் சம்மதிக்கவும் வேண்டாம்.

சட்டத்தில் ஒரே ஒரு நல்ல வரி இருந்தது. எல்லைக்கல்லைத் தாண்டாமல் ஒரு வீடு நூறு நாள் நின்றுவிட்டால் அந்த இடம் வீட்டுக்காரருக்குச் சொந்தம். குழாய்த் தண்ணீர் வரும், கதவு எண் வரும். அதன்பின் வாரியம் அங்கே குறி அனுப்ப முடியாது. கள்ளிமேட்டின் முப்பத்தேழு வீடுகளும் முதல்முறை தொண்ணூற்றாறாம் நாள் பெயர்ந்தன. அடுத்தமுறை தொண்ணூற்றொன்றாம் நாள். இந்த முறை தொண்ணூற்றெட்டு. மூன்று முறையும் காற்று வரவில்லை.

முகாமில் ஈரத் தலையோடு இறங்கிய உலகம்மாள், வேறு வண்டி வாங்கப்போவதாகக் கணவரிடம் சொன்னாள். தங்கசாமி சாதுவான மனிதர். இருக்கிற வண்டியைக் கழற்றிவிட்டுச் சும்மா இருந்தால் என்ன என்று கேட்டார். பிறகு பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார். இழுவன் பூட்டாத வீடு கைவிட்ட வீடு. வாரியம் அதை உடைத்து அள்ளிக்கொண்டு போய்விடும்.

திசையன்விளை ஷோரூமில் விற்பனையாளர் ஜெபசிங் மூன்று வண்டிகளைக் காட்டினார். எத்தனை டன் இழுக்கும், கொக்கி எவ்வளவு எடை தாங்கும், எந்த டயர் மணலில் புதையாது என்றெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னார். உலகம்மாள் ஒரு டயரைத் தட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் இழுக்கும் தம்பி. எது இழுக்காது?"

ஜெபசிங் பேனாவை மூடினார். "புரியலக்கா."

"வாரியம் குறி அனுப்பும்போது அசையாம நிக்கணும். அப்படி ஒண்ணு இருக்கா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். சாம்பல் நிறத்தில், தட்டை மூக்கோடு ஒரு வண்டி நின்றது. செவியன் என்று பெயர்.

இரண்டு வருடங்களுக்கு முன் வாரியத்தின் குறிக்குக் கட்டுப்பட்டு இழுவன்கள் பத்தொன்பது வீடுகளை வெள்ளம் போன ஓடையில் இழுத்துக்கொண்டு இறங்கின. அந்த வழக்கில், உடமைக்காரர் வாய்திறந்து சொன்னால்தான் நகரும் வண்டியையும் கேட்பவர்களுக்கு விற்கலாம் என்று தீர்ப்பு வந்தது. அதற்காகச் செய்த வண்டி இது. குறி வாங்கும் கருவியே கிடையாது. காது மட்டும்தான். முதன்முதலாகக் கிளப்பிய அரைமணி நேரத்துக்குள் யார் யார் ஏவுகிறார்களோ அவர்கள் குரல் உள்ளே பதியும். அதற்கு முதல்பதிவு என்று பெயர். பதிந்தவர்கள்தான் உடமைக்காரர்கள். பிறகு செய்த கம்பெனியே நினைத்தாலும் அழிக்க முடியாது. அழிக்க முடிந்தால் வாரியம் அழித்துவிடுமே.

"போன்னு பதிவான எல்லாரும் சொன்னாத்தான் போகும். நில்லுன்னு யாராவது ஒருத்தர் சொன்னாப் போதும், நின்னுரும்" என்றார் ஜெபசிங்.

"வாரியத்துக்காரன் வந்து போன்னு சொன்னா?"

"காதுலயே விழாது. அங்க வேல பாக்குத எல்லார் குரலும் இதுக்குத் தெரியும். நில்லுன்னா மட்டும் கேக்கும். போன்னா கேக்காது. கோர்ட்டு உத்தரவு."

"கிரேன் வச்சித் தூக்குனா?"

"தூக்குனவனுக்கு ஜெயிலு."

அவள் கையெழுத்துப் போட்டாள். ஜெபசிங் பக்கத்திலிருந்த அறையைக் காட்டினார். சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த அறை. வண்டியை அங்கே வைத்துத்தான் முதலில் கிளப்ப வேண்டும். அக்கா ஒருத்தி மட்டும் உள்ளே. அரைமணி நேரம். முடிந்ததும் ஓட்டிக்கொண்டு போகலாம்.

பூசை போடாமலா என்று உலகம்மாள் கேட்டாள். பூசையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்றார் அவர். உருண்ட வண்டிக்கு எப்படி முதல் எலுமிச்சம்பழம் வைப்பது என்றாள் அவள். அவர் மறுபடி முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தார்.

"வண்டி எனக்கா, ஒனக்கா?" என்றாள். "எங்க வச்சிக் கிளப்பணும்னு நீ சொல்லுவியோ? ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லித்தான் நான் இந்தக் கடைக்கே வந்திருக்கேன்."

எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டேன் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, செவியனைக் கிளப்பாமலே லாரியில் ஏற்றி அனுப்பினார் ஜெபசிங்.

முகாமிலிருந்து ஒரு வாரத்தில் எல்லாரையும் திரும்ப விட்டார்கள். நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது.

கள்ளிமேட்டுக்கு ஒரே வாசல். இருபுறமும் ஓர் உப்பு நிறுவனத்தின் மதில். வாசலில் எல்லைக்கல்லும் அதையொட்டி இசக்கியம்மன் பீடமும். பீடத்துக்கு உள்பக்கம் முதல் வீடு உலகம்மாளுடையது. வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் செவியனுக்கு மாலை போட்டார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தெருவே கூடியிருந்தது. வாரிய அலுவலர் பொன்ராஜும் புது வண்டியின் எண்ணைக் குறிக்க வந்திருந்தார். பக்கத்து வீட்டுச் சந்தனமாரி அவருக்கும் இலையில் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வைத்தாள்.

உலகம்மாள் விசையைத் தொட்டாள். "முன்னால வா" என்றாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வண்டி எலுமிச்சம்பழத்தில் ஏறுவதை வாய் மூடிப் பார்க்கிறவர் அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை. ஏத்து ஏத்து என்றார்கள். மெல்ல என்றார்கள். இடது பக்கம் ஒடி என்றார்கள். பழங்கள் நசுங்கியதும் வீட்டைப் பூட்ட வண்டி பின்னால் வர வேண்டியிருந்தது. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர்கள் முன்னே வந்து, கையை ஆட்டி, வா வா வா, வரலாம் என்றார்கள். செவியன் எல்லார் பேச்சையும் கேட்டது. கொக்கி விழுந்தது. பின்பக்கம் திரும்பியதில் மூக்கு வாசல் பக்கமாக வளைந்தது. கூட்டத்தில் யாரோ நிறுத்து நிறுத்து என்று கத்த, வண்டி அப்படியே நின்றது. பாதி வாசலை அதன் மூக்கு அடைத்திருந்தது.

சற்று நேரத்தில் அது பேசியது.

"முதல்பதிவு முடிந்தது. உடமைக்காரர்கள் நாற்பத்துமூன்று பேர்."

"ஒரு வண்டிக்கு நாப்பத்திமூணு மாமியாரா" என்றார் தங்கசாமி.

உலகம்மாள் ஜெபசிங்கைக் கைபேசியில் கூப்பிட்டாள். அவர் ஏதோ தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, நான் சொன்னேனே அக்கா என்று மட்டும் சொன்னார். மூக்கையாவது நேராக்க, எல்லாரையும் கூப்பிட்டுப் போ என்று சொல்லச் சொல்லலாமா என்றார் தங்கசாமி. அவள் ஒப்பவில்லை. நிற்கத்தானே வாங்கியது, நிற்கட்டும் என்றாள். ஆட்கள் போகலாம், இரண்டு சக்கர வண்டி போகலாம். அது போதும்.

தொண்ணூற்றேழாம் நாள் காலை குறி வந்தது.

முப்பத்தாறு பழைய இழுவன்களும் ஒரே நேரத்தில் உறுமின. வீடுகள் தெருவில் இறங்கி வாசலை நோக்கி வந்தன. யாரோ அடுப்பில் வைத்த இட்லிப் பானையோடு வந்தார்கள். முன்னால் வந்தது செவியனின் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பழைய வண்டிகளுக்கு மோதத் தெரியாது. அடுத்தது அதன் பின்னால் நின்றது. பிறகு அதற்கடுத்தது. முப்பத்தாறும் ஹாரன் அடித்துக்கொண்டே எல்லைக்கல்லுக்கு உள்ளேயே நின்றன.

உலகம்மாள் செவியனின் பம்பரில் உட்கார்ந்து காப்பி குடித்தாள்.

பொன்ராஜ் பத்து மணிக்கு வந்தார். கிரேனைத் தொட முடியாது. மதிலை உடைக்க உப்பு நிறுவனம் விடவில்லை. நீதிமன்றம் போனால் ஒரு மாதம் ஆகும், கையில் இருப்பது மூன்று நாள். அவர் நல்ல அலுவலர், முறைப்படியே செய்தார். பட்டியல் எழுதி வீடு வீடாகப் போனார். இந்த முறை காற்று நிச்சயம் என்றார். போ என்று சொல்லாதவர்களுக்கு இனி எந்த முகாமிலும் இடமில்லை என்றார். ஒவ்வொருவராக வந்து செவியன் முன் நின்று போ என்று சொல்லிவிட்டு, உலகம்மாளைப் பார்க்காமல் திரும்பினார்கள். மறுநாள் மதியம் தங்கசாமியும் வந்தார். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"நாற்பத்தொன்று" என்றது வண்டி.

பொன்ராஜ் உலகம்மாளிடம் ஒன்றும் பேசவில்லை. சந்தனமாரியை அனுப்பினார். சந்தனமாரிக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தது. அவள் பம்பரில் கையை ஊன்றி மெதுவாக உட்கார்ந்தாள்.

"நூறு நாள் எனக்கும் வேணும்க்கா. இன்னிக்கோ நாளைக்கோ வலி வந்துட்டுன்னா? இந்த வாசலுக்குள்ள கார் வராதே."

உலகம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள். பிறகு எழுந்து, செவியனின் மூக்கில் உள்ளங்கையை வைத்தாள். அது வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. கையை எடுக்கவில்லை.

"சரி. போ."

தெருவே செவியனைச் சுற்றி நெருங்கியது.

"நாற்பத்திரண்டு குரல்கள்" என்றது செவியன். "ஒரு குரல் மீதம்."

பொன்ராஜ் பட்டியலை எண்ணினார். ஆட்களை நிறுத்தி எண்ணினார். பூசைக்கு வந்துபோன சொந்தக்காரர் யாராவது உண்டா என்று கேட்டார். கடைசியில், யார் குரல் என்று வண்டியிடமே கேட்டார்.

செவியன் அந்தக் குரலை அப்படியே போட்டுக் காட்டியது. பின்னணியில் கைதட்டல், யாரோ வா வா என்கிறார்கள். அதற்கு மேலே ஒரு குரல்: "ஏய், நிறுத்து, நிறுத்து. என் காலு, என் காலு."

எல்லாரும் பொன்ராஜின் காலைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தவர் தங்கசாமி. அவர் வாய்விட்டுச் சிரித்து அந்தத் தெரு கேட்டதில்லை.

பொன்ராஜ் முன்னால் வந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "போ" என்றார். இன்னும் உரக்கச் சொன்னார். பட்டியலை ஒலிபெருக்கி மாதிரிச் சுருட்டி அதன் வழியாகவும் சொன்னார். வண்டி மறுக்கவில்லை, ஏற்கவும் இல்லை. அதன் காதில் எதுவுமே விழவில்லை.

அன்று சாயங்காலம் சந்தனமாரிக்கு வலி எடுத்தது. நாலு பேர் அவளைக் கட்டிலோடு தூக்கி, செவியனின் மூக்கைச் சுற்றி மெயின்ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். உலகம்மாள் தலைமாட்டுப் பக்கம் பிடித்தாள். ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. தொண்ணூற்றொன்பதாம் நாள் காற்று வரவில்லை. நூறாம் நாளும் வரவில்லை. அடுத்த வாரம் கதவு எண்கள் வந்தன. உலகம்மாள் ஒன்றாம் எண்ணைத் தானே ஆணி வைத்து அடித்தாள்.

காற்று நூற்று நாற்பதாம் நாள் வந்தது.

யாருக்கும் குறி வரவில்லை. இனி வராது. கிழக்கிலிருந்து தேரி மணல் வாரத்துக்கு ஒரு முழம் நகர்ந்து வந்து, சக்கரம் ஏறி, அடுப்படிச் சன்னலைத் தொட்டது. ஒரு மாதம் மட்டும் மேற்கே போய் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று தெரு கூடி முடிவு செய்தது. இடம் சொந்தமாகிவிட்டது, இனி யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. நாற்பத்திரண்டு பேரும் வரிசையில் நின்று, இந்த முறை மனதாரச் சொன்னார்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தனமாரி சொன்னாள்.

"ஒரு குரல் மீதம்" என்றது செவியன். அதன் பின்னால் முப்பத்தாறு வீடுகள் நின்றன.

ஞாயிற்றுக்கிழமை உலகம்மாள் பொன்ராஜின் வீட்டுக்குப் போனாள். அவர் வேலையை விட்டுவிட்டால் அவர் குரல் வண்டிக்குக் கேட்கும் என்று ஜெபசிங் சொன்னதைச் சொன்னாள்.

"ரிட்டயர்டு ஆக இன்னும் பதினோரு வருசம் இருக்கும்மா" என்றார் பொன்ராஜ்.

கொண்டுவந்த இரண்டு மம்பட்டிகளில் ஒன்றை அவர் வாசலில் சாய்த்து வைத்தாள்.

"அப்போ வாங்க. வண்டி ஒங்களுதும்தான."

வண்டியை மணலில் புதையவிட்டால் உடமைக்காரர் மேல் நடவடிக்கை எடுக்கலாம். அந்த விதியை எழுதியவர்களில் பொன்ராஜும் ஒருவர். அவர் செருப்பைத் தேடினார்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் வருகிறார். முதலில் முன்சக்கரத்துப் பக்கம் அள்ளுவார். யாரும் பார்க்காத நேரம் வண்டியின் காதருகே குனிந்து மெல்ல ஏதோ சொல்லிப் பார்ப்பார். அது நின்ற இடத்திலேயே நிற்கும். நாற்பத்திரண்டு பேரும் அள்ளுகிறார்கள். மணல் வாரத்துக்கு ஒரு முழம் வருகிறது, வாரத்துக்கு ஒரு முழம் வெளியே போகிறது.

பக்கத்து மேட்டிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவர்களுக்குத் தொண்ணூறு நாள் ஆகிறதாம், புது இழுவன் வாங்கப் போகிறார்களாம். செவியனைச் சுற்றி வந்தார், டயரைத் தட்டினார். வண்டி எப்படி என்று உலகம்மாளிடம் கேட்டார்.

அவள் மம்பட்டியை ஊன்றி நிமிர்ந்தாள். நெற்றியில் இருந்த மணலைப் புறங்கையால் துடைத்தாள்.

"நல்ல வண்டி" என்றாள். "சொன்ன பேச்சு கேக்காது."