அம்மாவின் வயிற்றில் இருப்பவர்கள்

அம்மாவின் வயிற்றுக்குள் கோடிக்கணக்கில் இருக்கிறார்களாம். அவர்களுக்குக் கோபம் வந்தால் அம்மாவை என்ன செய்வார்கள்?

பத்து வயது சுபானி இதை யாரிடமும் கேட்கவில்லை. நேற்று டாக்டர் ஜெர்மன் மொழியில் சொன்னதையெல்லாம் அம்மாவுக்குத் தமிழில் சொன்னவள் அவள்தான்.

"எல்லாருடைய குடலிலும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. சிலருக்கு அவை ஒரே சாப்பாட்டிலிருந்து கூடுதல் சக்தியை எடுத்துக் கொடுக்கலாம். பெரியவர்களுக்கு உடம்பு பருக்க அதுவும் ஒரு காரணமா என்று ஆராய்கிறோம். இன்னும் உறுதியாகத் தெரியாது," என்று டாக்டர் சொன்னார்.

குறைத்துச் சாப்பிட்டும் உடம்பு பருத்துக்கொண்டே போன அம்மா ஆய்வில் சேரச் சம்மதித்தாள். உடனே டாக்டர் ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்தார். அதில் கொஞ்சம் மலம் எடுத்து வர வேண்டும்.

"எதை?" என்று அம்மா கேட்டாள்.

சுபானி காதுக்குள் சொன்னாள். அம்மா கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

இன்று காலை, பீலெஃபெல்ட் நகரத்து வீட்டில், அம்மா குளியலறைக்குள் நின்று கூப்பிட்டாள்.

"பிள்ளை, இஞ்ச வா. கதவைச் சாத்து."

"என்னம்மா?"

"நீ நல்ல ஒல்லி. உன்ர வயித்துப் பூச்சியள் நல்ல பூச்சியளாய்த்தான் இருக்கும். இதுக்குள்ள உன்ரயைப் போட்டுத் தாவன்."

"பூச்சி இல்லையம்மா, பாக்டீரியா!" சுபானிக்குச் சிரிப்பு வெடித்தது.

அம்மா சிரிக்கவில்லை.

"பகிடி இல்லையடி. கோயிலுக்கு வாற பிறேமா அன்ரி எல்லாருக்கும் முன்னால கேட்டவ, களவாய்த் தின்னுறியோ எண்டு. இதிலயும் என்ர பிழை எண்டு வந்தால்? வயித்தை வெட்டோணும் எண்டால்?"

"டாக்டர் வெட்டுறது எண்டு ஒண்டும் சொல்லேல்லையே."

"நீ எனக்கு முழுக்கச் சொன்னனியோ? மறைக்கேல்லைத்தானே?"

"ஓம். பயந்து பயந்து எண்டாலும் முழுக்கச் சொன்னனான்."

அம்மாவும் பயப்படுவாள் என்பது சுபானிக்கு இன்றுதான் தெரிந்தது. குப்பியை வாங்கிக்கொண்டால் போதும், அம்மாவின் பயம் போய்விடும். யாருக்கும் தெரியவராது.

ஆனால், அங்கே என் வயிற்றை அல்லவா பார்ப்பார்கள்? அம்மாவின் வயிற்றில் என்ன நடக்கிறது என்று யார் பார்ப்பது? நாலு படி ஏறவே அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறதே.

"அம்மா, நீங்கள் களவாய்த் தின்னுறதில்லை. எனக்குத் தெரியும். பிறேமா அன்ரிக்கு என்ன தெரியும்? அவ எங்கட வீட்டிலயோ இருக்கிறா?"

அம்மாவின் கண்கள் கலங்கின. "அப்ப எனக்காக இதைச் செய்ய மாட்டியோ, செல்லம்?" என்று குப்பியை நீட்டினாள்.

சுபானி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஏலாதம்மா," என்றாள் மெதுவாக. "நீங்களே இருந்து குப்பியில எடுங்கோ. நான் கதவடியில நிக்கிறன்."