மானுக்கென்று வாங்கிய அம்பு!

கடைத் தொலைபேசி அலறியது!

ஒஸ்லோவில் வில்லும் அம்பும் விற்கிற கடை அது. அக்டோபர் மாத வெள்ளிக்கிழமை மதியம். ஒரு வாடிக்கையாளரும் இல்லை. முதலாளி ஆன்ட்ரியாஸ் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு நோர்வேயின் வடகோடி ஊரான பாட்ஸ்பியோர்டில் பிறந்தவன்.

ரிசீவரை எடுத்தான்.

"நீங்க தமிழ்தானே சார்?"

ஆண் குரல். இந்தியத் தமிழ். நடுங்கியது.

"ஓம். ஆர் கதைக்கிறது?"

"என் பேர் ஜானகிராமன். இன்னிக்கு என் ஒய்ஃப் வர்ஷா உங்க கடைக்கு வருவா. மான் வேட்டைக்குன்னு சொல்லி அம்பு முனை கேப்பா..."

"கேக்கட்டும். அதுக்கென்ன?"

"அது மானுக்கு இல்ல சார்... எனக்கு!"

ஆன்ட்ரியாஸ் ரிசீவரைக் காதோடு அழுத்தினான்.

"ஹொல்ம்லியால இருக்கோம். அட்ரஸ் சொல்றேன், எழுதிக்கோங்க. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் சாட்சி!"

முகவரியைச் சொன்னது குரல். அத்துடன் இணைப்பு அறுந்தது.

அவன் நிமிர்வதற்குள்... கடைக் கதவு திறந்தது!

முப்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி. சாம்பல் நிறக் கம்பளி ஸ்வெட்டர். தோளில் கணினிக் கம்பெனியின் பை. கையில் ஓர் அம்பு. முனை இல்லாத அம்பு!

"ஹாய் சார்! நான் வர்ஷா. மான் வேட்டைக்கு பிராட்ஹெட் முனை வேணும். இந்த அம்புல மாட்டி, நல்லா தீட்டிக் குடுங்க."

சொன்னபடியே வந்துவிட்டாள்!

ஆன்ட்ரியாஸ் சிரிக்க முயன்றான். உதடு ஒத்துழைக்கவில்லை.

"நோர்வேயிலை வில்லாலை வேட்டையாடத் தடை. தெரியுமோ?"

"தெரியும் சார். டென்மார்க்ல தடை இல்ல. வில்லுக்குன்னு ஒரு பரீட்சை, அதையும் பாஸ் பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை கப்பல்."

கைபேசியில் ஏதோ அட்டையைக் காட்டினாள். கைபேசியில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் காட்டலாம். ஆன்ட்ரியாஸ் நம்பவில்லை.

"விரியிற முனை இருக்கு. உடம்பிலை பட்ட உடனை பிளேட் விரியும்."

"விரியாம போச்சுன்னா?" என்றாள் பட்டென்று. "என் வில்லு நாப்பத்தஞ்சு பவுண்டுதான் இழுக்கும். பிளேடு விரியறதுலயே பாதி பலம் போயிடும். ஃபிக்ஸட் பிளேடே குடுங்க."

சரியான பதில்! தொழில் தெரிந்தவள்... அவன் பயம் இரட்டிப்பானது.

இரண்டு முனைகளை எடுத்து வைத்தான். ஒன்றில் மூன்று பிளேடு. மற்றதில் இரண்டு, ஒரே எஃகுத் துண்டில் செதுக்கியது.

"மூண்டு பிளேட் எண்டால் காயம் பெரிசு."

"பெரிசு வேணாம் சார், ஆழம்தான் வேணும். ரெண்டு பிளேடு போதும். உள்ள போய் அந்தப் பக்கமா வெளிய வரணும்."

"வெளியிலை... ஏன்?"

"ரெண்டு ஓட்டை விழுந்தாதானே ரத்தம் நல்லா சிந்தும்? ஓடிப் போனாலும் தேடிப் பிடிச்சிடலாம்."

எந்த வேட்டைக்காரனும் இதைத்தான் சொல்வான். ஆனால் அந்த டெலிபோனுக்குப் பிறகு...!

"பிளேடு நடுவுல ஓட்டை இருக்கே, காத்துல விசில் அடிக்குமா? சத்தம் கேட்டா சுதாரிச்சுக்கும்."

"அ... அடிக்காது."

"எவ்வளவு நேரத்துல விழும்? ரொம்பத் துடிக்கக் கூடாது சார். பாவம்."

பாவமாம்!

"உங்கடை மனுசனுக்கும் வேட்டை பிடிக்குமோ?" மெல்லத் தூண்டில் போட்டான்.

"அவரா? முருங்கைக்காய் நறுக்கச் சொன்னாலே ஓடிப்போயிடுவாரு!"

கலகலவென்று சிரித்தாள். கணவனைக் கொல்லப் போகிறவள் இப்படியா சிரிப்பாள்? இல்லை என்று அனுப்பிவிடலாம். ஆனால் இணையத்தில் வாங்கிவிடுவாளே!

"இருங்கோ. தீட்டிக்கொண்டு வாறன்."

அம்பும் முனையுமாகப் பின்னறைக்குப் போனான். கரகரவென்று சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முனை அம்பில் ஏறியிருந்தது. அதன்மேல் ஓர் உறை. உறையைச் சுற்றி டேப்.

"கப்பல் ஏறுமட்டும் திறக்காதேங்கோ. கை வெட்டும்."

"தேங்க்ஸ் சார்!"

அவள் தலை மறைந்ததும் கைபேசியை எடுத்தான். ஒஸ்லோ பொலிசில் வேலை பார்க்கும் தங்கச்சி லீசாவிடம் மூச்சு விடாமல் எல்லாம் சொன்னான்.

"பயந்த மனுசன் பொலிசுக்கு போன் எடுக்காமல் உங்களுக்கு ஏன் அண்ணா எடுத்தவர்?" லீசாவின் குரலில் சந்தேகம்.

"ஆம்பிளை எல்லோ? மனிசிக்குப் பயம் எண்டு பொலிசிலை சொல்ல வெக்கமா இருந்திருக்கும்."

"அவவுக்கு வித்தனீங்களோ?"

"வித்தனான்."

"ஹெர்ரெகுட்! கடவுளே! உங்களுக்கென்ன விசரோ?"

"நேரிலை சொல்லுறன். கெதியா வா!"

லீசா காருடன் வந்தாள். ஆன்ட்ரியாஸ் ஏறினான். ஹொல்ம்லியா நெருங்கும்போது, விற்றதன் காரணத்தைச் சொல்ல வாய் திறந்தான். லீசாவின் வயர்லெஸ் முந்திக்கொண்டது!

அதே முகவரி. அவசர அழைப்பு. அம்பால் குத்து!

லீசா ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள்.

மூன்றாவது மாடி. கதவு திறந்தே கிடந்தது.

முதலில் தெரிந்தவன் ஜானகிராமன். சுவரோரம் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை!

அடுத்துத் தெரிந்தது...

செருப்பு அலமாரியின் காலடியில் குப்புறக் கிடந்த வர்ஷா! நெற்றியோரம் ரத்தம். பக்கத்தில் உறை கழன்ற அம்பு.

"என்னைக் குத்த வந்தா மேடம்!" ஜானகிராமன் கதறினான். "நான் அவ கையைத் திருப்பினேன்... அவ மேலயே பட்டுடுச்சு. இவர்கிட்ட முன்னாடியே சொன்னேன். சார், சொல்லுங்க சார்!"

லீசா குனிந்தாள். அலமாரி விளிம்பிலும் ரத்தம். ஸ்வெட்டரின் முதுகில் கம்பளி பிய்ந்திருந்ததைப் பார்த்தாள். கழுத்தில் விரல் வைத்தாள். முகத்தில் எதையும் காட்டாமல் நிமிர்ந்தாள்.

"முன்னாலை நிண்டு குத்த வந்தவவுக்கு முதுகிலை எப்பிடிப் பட்டது?"

"அ... அது... திரும்பிட்டா மேடம்!"

மேஜையில் அவன் கைபேசி மினுங்கியது. லீசா எட்டிப் பார்த்துச் சத்தமாகவே படித்தாள்.

"'முடிஞ்சுதா? துரொண்ட்ஹெய்முக்கு எப்ப வரே? மீரா.' ஆர் மீரா?"

"ஃப்ரெண்ட்... வெறும் ஃப்ரெண்ட்!"

அந்த நேரம் பார்த்து...

"ம்ம்ம்..." என்றது தரையில் கிடந்த உடம்பு!

வர்ஷாவின் கை அசைந்தது. தலை மெல்ல நிமிர்ந்தது.

ஜானகிராமன் வீலென்று அலறினான்.

"எப்படி...? முழு பலத்தையும் போட்டுக் குத்தினேனே!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினான். லீசாவின் விலங்கு அதற்குள் அவன் மணிக்கட்டில் ஏறியிருந்தது.

"மீராதான் வேணும் எண்டால் டிவோர்ஸ் எடுத்திருக்கலாமே?"

"டைவர்ஸ்னா எங்க வீட்ல ஒத்துக்க மாட்டாங்க மேடம். மானம் போச்சும்பாங்க. பொண்டாட்டி செத்துட்டா... அவங்களே பொண்ணு பாப்பாங்க!"

லீசா அம்பைத் தூக்கிப் பார்த்தாள். முனையில் விரலை அழுத்தி இழுத்தாள். தோலில் கோடுகூட விழவில்லை!

"அண்ணா... என்ன இது?"

ஆன்ட்ரியாஸின் தலை கவிழ்ந்தது. கண்ணில் நீர்.

"நான் தீட்டேல்லை. அரத்தாலை ராவி முனையையும் விளிம்பையும் மழுக்கிப்போட்டன். உந்த மனுசனைக் காப்பாத்தத்தான் செய்தனான்! ஒரு பொம்பிளை வந்து பிளேட் பாத்து வாங்கினவ எண்டதுக்காக அவவைக் கொலைகாரி எண்டு நினைச்சுப்போட்டன். என்னை மன்னியுங்கோ, வர்ஷா!"

அவமானம் அவனைப் பிடுங்கித் தின்றது.

வர்ஷா முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். கணவனின் விலங்கைப் பார்த்தாள். மொட்டை அம்பைப் பார்த்தாள். ஆன்ட்ரியாஸை முறைத்தாள்.

பிறகு, வலியோடு சிரித்தாள்.

"மன்னிப்பெல்லாம் எதுக்கு சார்? என்னைக் கொலைகாரின்னு நினைச்சீங்களோ, பிழைச்சேன்! நல்ல பொண்ணுன்னு நம்பியிருந்தீங்கன்னா... இந்நேரம் நான் காலி!"