ஒவ்வொரு சீவலுக்கும் ஒரு பதில்

இறந்து இரண்டு வருடமான மூளை பயப்படக் கூடாது. திரையோ, பயம் என்றது.

சூசோக் அறுவடைப் பண்டிகை விடுமுறைக்கு எல்லோரும் சொந்த ஊர் போய்விட்ட, கொரியாவின் தேகு நகர ஆய்வுக்கூடத்தில், குளிர்பெட்டிகளின் ஓயாத முனகலையும், ஸ்பிரிட் துடைத்த மேசைகளின் வாடையையும், தரையில் நீண்டுகொண்டே போன நாற்காலி நிழல்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு சுக்யோங் கணினித் திரையின் படத்தையே பார்த்திருந்தாள். மறதி நோயில் இறந்தவர்களின் மூளையில் எந்த மரபணு விழித்திருந்தது, எது அணைந்திருந்தது என்று ஆயிரமாயிரம் உயிரணுக்களைக் காட்டி அவளே பழக்கிய கணினி அது. வசந்தத்தில் இதே மூளையின் ஒரு சீவலைப் பார்த்து அமைதி என்றிருந்தது. இன்றைய சீவலிலோ, உயிருள்ள ஒருவர் திடுக்கிட்டால் மட்டும் சற்று நேரம் விழிக்கிற மரபணுக்கள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன.

அது அவள் அம்மாவின் மூளை. அதைத் தானம் செய்யக் கையெழுத்திட்டவளும் மகள் சுக்யோங்தான். கடைசி வருடம் முழுக்க, "யாரும்மா நீங்க?" என்று அவளையே கேட்டுக் கேட்டு அம்மா போய்ச் சேர்ந்தாள்.

கூட வேலை செய்யும் டேஹ்வானைப் போனில் அழைத்தாள். அவன் பின்னால் குழந்தைகளின் கூச்சல்.

"அக்கா, பண்டிகை அன்னைக்குமா? அந்தக் கம்ப்யூட்டரையே கட்டிக்கிட்டீங்களா?"

"சாம்பிள்ல ஏதோ கலந்திருக்குடா."

"அப்ப இன்னொண்ணு சீவிப் பாருங்க. எங்கம்மா உங்களுக்குக் கொழுக்கட்டை எடுத்து வச்சிருக்காங்க, வர்றப்ப கொண்டாறேன்."

சீவினாள். மறுநாள் முடிவில் பயம் கூடியிருந்தது.

அடுத்த முறை, சீவும் கத்தி பொருத்திய, குளிர்ப்புகை தவழும் பெட்டிக்குள் முகத்தை நீட்டி, "பயப்படாதம்மா, நான்தான், சுக்யோங்" என்று சொல்லிவிட்டுச் சீவினாள்.

அந்தச் சீவலில் பயமே இல்லை. நினைவைக் காக்கும் மரபணுக்கள் விழித்திருந்தன. அறுவை மேசையிலிருந்து வரும் திசுக்களுக்கென்று அவள் வைத்திருந்த பெயரைக் கணினி இதற்கு இட்டது: உயிருள்ளது.

மேசையில் கவிழ்ந்து அழுதாள். அம்மாவுக்குத் தன்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகவில்லை. கேட்டாள், சீவினாள், காத்திருந்தாள்.

"என் மேல கோபமாம்மா?"

சீவல்.

"உங்கிட்ட யாராச்சும் பேசுறாங்களா அங்க?"

சீவல்.

பதிலுக்கு வேறு வழியில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் அம்மா குறைந்தாள்.

விடுமுறையின் கடைசி மாலை. பெட்டிக்குள், மூளையைப் பொருத்திய பீடத்தில் நகத்தளவு மிச்சம்.

"இன்னும் ஒரே ஒரு தடவைம்மா. என்னைத் தெரியுதுல்ல?"

குளிர்பெட்டியின் முனகல் நின்றிருந்தது. எப்போது நின்றது? பெட்டிக்குள் வெதுவெதுப்பு. அம்மாவின் தலைமுடி வாடை. பனி உருகி, ஈரம்.

சீவும் கைப்பிடியைச் சுற்றினாள். துண்டு கத்தியை நோக்கி இறங்கியது.

கத்தி தொடும் முன்பே அது சுருங்கியது. பின்வாங்கியது.

அவள் கை நிற்கவில்லை.