ஆறு பேர், ஒரே மூச்சு!

“ஊதுங்க! விடாதீங்க! இன்னும்... இன்னும்... இன்னும்...!”

அலறல் கேட்டு வராந்தாவில் இருந்தவர்கள் துள்ளி எழுந்தார்கள்.

கொலை எதுவும் இல்லை! மாட்டுத்தாவணிப் பக்கம், அந்த நுரையீரல் பரிசோதனைக் கூடத்தில் ஷெரின் வேலை பார்ப்பதே அப்படித்தான். சத்தம் போட்டால்தான் ஜனங்கள் முழு மூச்சையும் ஊதுவார்கள்.

நோயாளியை அனுப்பிவிட்டு நிமிர்ந்தாள். எதிரே ஜினோ. வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கல் கிரஷரின் மேனேஜர்.

“கிரஷர்லயே மிஷின் வச்சு எங்க ஆளுங்க ஆறு பேருக்கும் டெஸ்ட் எடுத்தாச்சு சிஸ்டர். அம்புட்டும் ஃபர்ஸ்ட் கிளாஸ் நுரையீரல்! நீங்க சரி பார்த்து ஒரு கையெழுத்து மட்டும்...”

வெளியே பெஞ்சில் யாரோ குலுங்கக் குலுங்க இருமினார்கள். ஷெரின் ஓடிப்போய் ஃபிளாஸ்கிலிருந்து ஒரு டம்ளர் வெந்நீர் கொடுத்தாள்.

“பேரு என்னண்ணே?”

“முத்துக்கருப்பன்மா... கிரஷர்ல வேலை. மேனேஜர்கூட வேன்ல வந்தேன்.”

திரும்பி வந்து, ஜினோ நீட்டிய தாள்களில் அவருடைய ரிப்போர்ட்டைப் புரட்டினாள்.

நுரையீரல் பலம் நூறு சதவீதம்!

இந்தத் தாளில் கையெழுத்து விழுந்தால் அந்த மனுஷர் மறுபடி கல்தூசிக்குள் போவார். எத்தனை நாள் தாங்குவார்?

“ஆண்டவரே...”

ஆறு தாள்களையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஆறு மூச்சுக் கோடுகள்... ஒன்றின் மேல் ஒன்று... ஒரே கோடு!

“சார், ஒரு ஆளு மூணு தடவை ஊதுனா மூணும் ஒத்துப்போகணும். அப்பத்தேன் டெஸ்ட்டை நம்பலாம். ஆனா ஆறு ஆளு ஊதுனது ஒத்துப்போகக் கூடாதே!”

“மி... மிஷின் கோளாறா இருக்கும்!”

டம்ளரைத் திருப்பிக் கொடுக்க வந்த முத்துக்கருப்பன் தலையைச் சொறிந்தார்.

“நான் ஊதவே இல்லையேம்மா! அம்புட்டுப் பேருக்கும் எங்க வேன் டிரைவர் காசிமாயன்தேன் ஊதுனாரு. ஊர்ல சாவு வீட்டுக்குச் சங்கு ஊதுறதும் அவருதேன். என்னா மூச்சுங்கிறீங்க!”

ஷெரின் ஜினோ பக்கம் திரும்பினாள்.

“சரி சார், கோளாறான்னு பாத்துருவோம். எங்க மிஷின்ல நீங்களே ஊதுங்க.”

ஜினோ இளக்காரமாக ஊதினான். ஷெரின் அலறினாள். மூன்று தடவை.

நாற்பத்தொன்று... நாற்பது... நாற்பத்தொன்று!

“மூணும் ஒத்துப்போகுது சார்... நம்பலாம்.” அவள் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினாள். “நூத்துக்கு நாப்பதுதேன் இருக்கு. ஆபீஸ் ரூமுக்குள்ளயும் தூசி வரும்ல?”

ஜினோ பொத்தென்று உட்கார்ந்தான். அதே ஃபிளாஸ்க். அவனுக்கும் ஒரு டம்ளர் வெந்நீர்.

“ஆறு பேரையும் கூட்டிட்டு வாரேன் சிஸ்டர்... மறுபடி எடுங்க.”

“ஏழு பேரு சார். எல்லாரும் டாக்டரைப் பாப்போம்.”

வாசலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. காசிமாயன்!

“ஏண்ணே கலங்குறீங்க? உங்களுக்கும் நானே ஊதிர்றேன்!”