நூல் அறுந்த குடுவை

“அக்கா, என் கண்ணு என்ன புண்ணா? இருக்கிறதைப் பார்த்துத்தானே சொன்னேன்!”

மூச்சிரைக்க வந்து நின்றாள் ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்துக்காரி. கிருமிச் சோதனைக் கூடங்களைத் தணிக்கை செய்து ஓய்வு பெற்ற அந்த அம்மாளுக்கு ஊரார் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அவர் வாய் திறப்பதற்குள் வந்தவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

தொடை இடுக்கில் நெறி கட்டி, காய்ச்சலில் பிதற்றும் ஒன்பது வயதுச் சிறுமி. நெறியில் எடுத்த நீரைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், ஒவ்வொரு கிருமிக்கும் இரு முனையும் கறுத்து, குட்டி ஊக்குப் போலத் தெரிந்தது. பிளேக்கோ என்று பயம். ஆனால் வேறு சில கிருமிகளும் அந்த வேஷம் போடும். அதனால் குடுவையில் கிருமிக்குத் தீனியான சாற்றை ஊற்றி, மேலே எண்ணெய்த் துளிகளை மிதக்கவிட்டுக் கிருமியை வளர்த்தார்கள். பிளேக் என்றால் எண்ணெயின் அடியிலிருந்து வெள்ளை நூல்கள் ஆலம் விழுதாகத் தொங்கும்.

“நேத்து சாயங்காலம் தொங்குச்சு அக்கா. காலையில, குடிதண்ணி சோதிக்கிற தண்ணிப் பிரிவுல பன்னெண்டு வருஷம் இருந்துட்டு மாத்தலாகி வந்தவர் ‘நூல் இல்லை’ன்னு எழுதிட்டார். பெரிய டாக்டர் குழந்தையைப் பொது வார்டுக்கு மாத்திட்டார். நாப்பது பேர் படுத்திருக்கிற இடம்! இப்பப் போடுற ஊசி பிளேக்குக்குக் கேக்காது.”

“மிச்சத்தை நடந்துக்கிட்டே சொல்லு” என்று செருப்பை மாட்டினார் பூதக்கண்ணாடி.

கூடத்தில் பெரிய டாக்டர் முகம் கொடுக்கவில்லை. “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.”

“இருக்கட்டும் டாக்டர். குடுவையைக் காட்டுங்க.”

மூடிய பெட்டியின் கண்ணாடி வழியே, கை வைக்காமல், வெகுநேரம் பார்த்தார் பூதக்கண்ணாடி. அடியில் பஞ்சுத் தூசிபோல் ஏதோ படிந்திருந்தது. சாற்று மட்டத்துக்கு இரண்டு விரல் மேலே, குடுவைச் சுவரெங்கும் எண்ணெய்ப் பொட்டுகள்.

“பெருக்க வந்தவர் மேசையை இடிச்சிருப்பார்!” என்று துள்ளினாள் சோதனைக்கூடத்துக்காரி.

“இடிச்சா நூல் அறுந்து விழும், சரி. எண்ணெய் சுவரேறுமா?”

பூதக்கண்ணாடி திரும்பினார். தண்ணிப் பிரிவுக்காரர் சுவரோரம் நின்றிருந்தார்.

“தம்பி, கிருமி போடாத குடுவை ஒண்ணை எடுத்துப் பார்த்துச் சொல்லுங்க, எண்ணெய் சரியா மிதக்குதான்னு.”

அவர் எடுத்தார். மூன்று தடவை குலுக்கினார். வெளிச்சத்தில் உயர்த்தினார்.

“எதுக்குக் குலுக்குனீங்க?”

“என்னம்மா கேள்வி இது? குலுக்காமப் பார்த்தா எல்லாம் அடியிலயே...”

அவர் கண் மெல்லப் பெட்டிப் பக்கம் போனது.

“இவர் பொய் எழுதல டாக்டர்” என்றார் பூதக்கண்ணாடி. “பார்த்தப்போ நூல் இல்லைதான். தண்ணிப் புட்டியைக் குலுக்கிட்டுத்தான் பார்க்கணும். இதை மூச்சுவிடாமப் பார்க்கணும். பன்னெண்டு வருஷப் பழக்கம், கண்ணுக்கு முன்னாடி கை போயிடுச்சு. அடியில கிடக்கிற பஞ்சுதான் இந்தப் பொண்ணு பார்த்த நூல்.”

“அதை வெச்சு பிளேக்தான்னு சொல்லிட முடியுமா?”

“முடியாது. புதுக் குடுவை வெச்சா ரெண்டு நாள்ல தெரியும். அந்தக் குழந்தைகிட்ட ரெண்டு நாள் இருக்கா டாக்டர்?”

பெரிய டாக்டர் ஃபோனை எடுத்தார்.

“குழந்தையைத் தனி அறைக்கு மாத்துங்க. பிளேக் ஊசி, உடனே. பக்கத்துல இருந்தவங்க எல்லாருக்கும் மாத்திரை.”

புதுக் குடுவை வைத்தார்கள். அந்த இரண்டு நாளும் கூடத்து வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தவர் தண்ணிப் பிரிவுக்காரர்தான்.

“டாக்டர், செருப்பைக் கழட்டிட்டு வாங்க. நீங்க நடந்தாலே தரை அதிருது.”

பெரிய டாக்டர் மறுபேச்சில்லாமல் கழற்றினார். பெட்டிக்குள் எண்ணெயின் அடியில் வெள்ளை நூல்கள் தொங்கின. வார்டிலிருந்து ஃபோன் வந்தது, சோதனைக்கூடத்துக்காரி எடுத்தாள்.

“காய்ச்சல் விட்டிருச்சாம். வேற யாருக்கும் ஒண்ணுமில்லையாம். குழந்தை கண்ணு முழிச்சதுமே, ஊசி போட்ட நர்சோட டூ விட்டிருக்கு!”

எல்லோரும் சிரித்தார்கள். தண்ணிப் பிரிவுக்காரர் மட்டும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, சத்தமே இல்லாமல் அழுதார்.