சைலன்சர் சூடு

பிரகாஷ் வண்டியை உள்ளே ஏற்றி ஸ்டாண்டு போட்டான். அதற்குப் பிறகும் என் மகள் மோகனப்ரியா வாசல் கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சாத்துடி. நாய் பூந்துடப் போவுது” என்றேன்.

“இரும்மா. நைனா இன்னும் உள்ள வரல.”

பிரகாஷ் என் கொழுந்தன். அவனுடைய அண்ணன் இளங்கோவன்தான் என் வீட்டுக்காரர், ப்ரியாவின் நைனா. பொதட்டூர்பேட்டையில் வியாபாரத்துக்கு லுங்கிக் கட்டு ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. அவரை வேனில் கொண்டுவந்தார்கள். பழைய மாடல் ஜாடையில் செய்த அவருடைய ஒற்றை சிலிண்டர் பைக்கைப் பிரகாஷ் ஓட்டிக்கொண்டு வந்தான். நான் அன்றைக்கும் அழவில்லை. கல்லாட்டம் நிற்கிறாள் என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசினார்கள். பேசட்டும். உள்ளே ஒன்றுமே இல்லையென்றால் எதை எடுத்து அழுவது?

அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எங்கள் தெரு மலையடிவாரத்தில் நல்ல இறக்கமாக வரும். மேட்டு முனையிலேயே சாவியை அணைத்துவிட்டு வண்டியை உருள விடுவார். வீடு நெருங்கும்போது மறுபடி சாவியைப் போடுவார். சைலன்சருக்குள் ‘டமார்’ என்று வெடிக்கும். தெருவே திட்டும். எங்களுக்கு மட்டும், கேட்டைத் திற என்று அர்த்தம். ப்ரியா ஓடிப்போய்த் திறப்பாள். உடனே அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு ரவுண்டு போய் வருவார்.

இப்போது பிரகாஷ் சாவியைத் தொடாமலே, அதே இடத்தில் வண்டி வெடித்தது. தினமும் பிள்ளை ஓடினாள். தினமும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நைனா வந்ததும் சாப்பிடுகிறேன் என்று தட்டைத் தள்ளி வைத்தாள். இந்தச் சத்தம் நின்றால்தான் பிள்ளை தேறுவாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மறுநாள் காலையில் மெக்கானிக் சேட்டுவின் கடைக்கு நானே போனேன்.

“இதுல அதிசயம் ஒண்ணும் இல்லக்கா” என்றான் சேட்டு. “இன்ஜினும் சைலன்சர் பைப்பும் சேர்ற எடத்துல வாஷர் போயிடுச்சி. இறக்கத்துல ஆக்சிலேட்டர விட்டா, அந்தச் சந்துல காத்து பூந்துக்குது. எரியாத பெட்ரோல் சைலன்சர்ல போயி வெடிக்குது. அண்ணன் சாவிய அணைச்சி அணைச்சிப் போடுவாரே, அதுலயே பாதி கெட்டுச்சி.”

“நிக்குமா?”

“ஆங். நிக்காம இன்னா?”

வாஷரை மாற்றினான். கார்புரேட்டரைக் கழுவி மாட்டினான். மேட்டிலிருந்து எங்கள் வீடுவரை ஓட்டியும் காட்டினான். தடதடவென்ற சத்தம் மட்டும்தான். ப்ரியா ஜன்னலில் நின்று பார்த்தாள், ஓடவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அன்று விளக்கு வைக்கும் நேரம். வண்டி தகரக் கொட்டகையில் நின்றது. பிரகாஷ் டீ குடித்துக்கொண்டிருந்தான். நான் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

டமார்.

பிரகாஷின் கை டம்ளரோடு அப்படியே நின்றது.

“எவனோ பட்டாசு வெடிக்கிறான் அண்ணி” என்றான். ஏனோ கிசுகிசுவென்று சொன்னான்.

வாசல் கேட்டு கிறீச்சிட்டது. ஒரு கதவு. பிறகு இன்னொரு கதவு.

பெட்ரோல் வாசனை அடுப்படிவரை வந்தது. கூடவே புது லுங்கியின் கஞ்சி வாசனை.

புளிக்கையோடு ஓடினேன். கேட்டு விரியத் திறந்து கிடந்தது. தெருவில் யாரும் இல்லை.

என் பிள்ளையும் இல்லை.

பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மேட்டு முனையிலிருந்து அவள் தனியாக நடந்து வந்தாள். நான் படிய வாரிவிட்ட தலை, எதிர்காற்றில் போய் வந்ததுபோல் கலைந்திருந்தது.

“எங்கடி போன?”

“ஒரு ரவுண்டு.”

“யார் கூட?”

இதுகூடத் தெரியாதா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். அடிக்கக் கை ஓங்கினேன். கை இறங்கவில்லை.

கொட்டகைக்குப் போய் சைலன்சரைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. சாவி முந்தானையிலேயே இருந்தது.

அவளுக்குக் கால் கழுவிவிடும்போதுதான் பார்த்தேன். வலது கெண்டைக்காலின் உட்புறம், பின்னால் உட்காருகிறவர்களுக்கு சைலன்சர் படுகிற அதே இடத்தில், தோல் வெந்து கொப்பளித்திருந்தது.

“வலிக்கலையாடி?”

“இல்லமா. எனக்கு ஒண்ணுமே தெரியல.” பிறகு சொன்னாள், “நாளைக்கு ரொம்ப தூரம் கூட்டிகினு போறேன்னாரு நைனா.”

அவர் போன பிறகு முதல்முறையாக எனக்குப் பயம் வந்தது.

விடிந்ததும், சைலன்சரையே கழற்றிப் போட வண்டியைச் சேட்டு கடைக்குத் தள்ளிக்கொண்டு போகும்படி பிரகாஷிடம் சொன்னேன். சாயங்காலம் கேட்டுக்குச் சங்கிலி சுற்றிப் பூட்டினேன். மருந்து தடவிய காலோடு ப்ரியா என் மடியில் தூங்கிவிட்டாள். சேட்டுவுக்குப் போன் போட்டேன்.

“கழட்டியாச்சிக்கா. சைலன்சர் இதோ என் கால்கிட்டதான் கெடக்குது. ஏன்க்கா, இன்னா ஆச்சி?”

போனை வைத்தேன். பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தேன்.

“ஏங்க” என்றேன் மெதுவாக. “வேணும்னா என்னைக் கூட்டிகினு போங்க. இவள உட்டுடுங்க.”

டமார்.

சங்கிலி அசையவில்லை. கேட்டு கிறீச்சிடவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

மடியில் ப்ரியா, கண் திறக்காமலே, வண்டியில் ஏறுவதுபோல் வலது காலைத் தூக்கிப் போட்டாள்.